பர்லிங்டன் 2009: மூன்று பேர் போட்டியில் விருப்ப வரிசை வாக்கு பட்ட பாடு

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் சாம்ப்ளேன் ஏரிக்கரையில் இருக்கிறது பர்லிங்டன். மாநிலத்தின் மிகப் பெரிய நகரம் அதுதான் என்றாலும் 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 42,417 மட்டுமே. நம் ஊர்க் கணக்கில் ஒரு நடுத்தர நகராட்சி. அந்தச் சிறிய ஊர் மேயரைத் தேர்ந்தெடுக்க விருப்ப வரிசை வாக்கு முறையைக் கொண்டுவந்தது, இரண்டு தேர்தல்களில் பயன்படுத்தியது, பிறகு தூக்கி எறிந்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து மறுபடியும் அதையே கேட்டு வாக்களித்தது. உள்ளாட்சியில் வாக்கு முறையை மாற்ற நினைப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. வேட்பாளர்களைப் பெயரால் அல்லாமல் கட்சியால் குறிப்பிடுகிறேன். இங்கே ஆராயப்படுவது முறைதான், ஆட்கள் அல்ல.

பின்னணி

பெரும்பாலான அமெரிக்க நகரங்களில் போட்டி இரண்டு கட்சிகளுக்கு இடையில்தான். பர்லிங்டன் அப்படியல்ல. 1981இல் சுயேச்சையாக நின்ற பெர்னி சாண்டர்ஸ் வெறும் 10 வாக்கு வித்தியாசத்தில் மேயரானார். அவரைச் சுற்றித் திரண்டவர்கள் பின்னாளில் முற்போக்குக் கட்சியாக நிலைத்தார்கள். அன்றிலிருந்து முற்போக்கு, ஜனநாயகம், குடியரசு என மும்முனைப் போட்டி அந்த ஊரின் இயல்பாகிவிட்டது.

மும்முனைப் போட்டி என்றால் என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "அவர் நின்றதால் இவர் ஓட்டுப் பிரிந்தது" என்ற பேச்சு ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் நம் தேநீர்க் கடைகளில் கேட்பதுதான். பர்லிங்டனிலும் அதே புலம்பல். அங்கிருந்த பழைய விதிப்படி முதலிடத்தில் இருப்பவர் 40 விழுக்காட்டைத் தொட்டால் வென்றார். யாரும் தொடாவிட்டால் முதல் இருவருக்கிடையே இன்னொரு நாளில் மறுதேர்தல்.

2005 மார்ச்சில் இதை மாற்ற நகர சாசனத் திருத்தம் வாக்குக்கு வந்தது. ஏறக்குறைய 64 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். வெர்மான்டில் நகர சாசனத்தைத் திருத்த மக்கள் வாக்கு மட்டும் போதாது, மாநிலச் சட்டமன்றமும் ஒப்ப வேண்டும். அந்த ஒப்புதலும் கிடைத்தது.

புதிய முறையில் வாக்காளர் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என வரிசை கொடுப்பார். முதல் விருப்பங்களில் யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால் கடைசியில் இருப்பவர் நீக்கப்படுவார். அவர் கட்டில் இருந்த சீட்டுகள், அவற்றில் அடுத்த விருப்பமாக யார் இருக்கிறார்களோ அவர்களுக்குப் போகும். யாராவது பாதியைத் தாண்டும்வரை இது தொடரும். இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. 1969இல் வி.வி. கிரி வென்றது இரண்டாம் விருப்பங்களை எண்ணிய பிறகுதான். இலங்கை வாசகர்களுக்கு இன்னும் அண்மையில் நடந்தது: 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் முதல்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ண வேண்டி வந்தது. ஆனால் இலங்கையில் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஒரேயடியாக நீக்கப்படுகிறார்கள். பர்லிங்டனில் கடைசியிலிருந்து படிப்படியாக நீக்கினார்கள்.

2006இல் முதல் தேர்தல். முற்போக்குக் கட்சிக்காரர் முதல் சுற்றிலும் முன்னிலை, இறுதியிலும் வெற்றி. முன்னிலையில் இருந்தவரே வென்றதால் யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. அந்த அமைதியை முறைக்குக் கிடைத்த ஒப்புதல் என்று அதன் ஆதரவாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்தத் தேர்தல் முறையைச் சோதிக்கவே இல்லை.

2009 மார்ச் 3: என்ன நடந்தது

அடுத்த தேர்தலில் ஐந்து பேர் நின்றார்கள். பதவியில் இருந்த முற்போக்கு மேயர், குடியரசுக் கட்சிக்காரர், ஜனநாயகக் கட்சிக்காரர், ஒரு சுயேச்சை, ஒரு பசுமைக் கட்சிக்காரர். பதிவானவை 8,980 சீட்டுகள்.

முதல் சுற்றில் குடியரசுக் கட்சிக்காரருக்கு 2,951, முற்போக்கு மேயருக்கு 2,585, ஜனநாயகக் கட்சிக்காரருக்கு 2,063, சுயேச்சைக்கு 1,306, பசுமைக் கட்சிக்காரருக்கு 35. சீட்டில் இல்லாத பெயர்களை எழுதிப் போட்டவை 36, யார் கணக்கிலும் சேராதவை 4. முதலிடத்தில் இருந்தவருக்குக்கூட மூன்றில் ஒரு பங்கு கிடைக்கவில்லை.

எல்லாம் சேர்ந்தாலும் வெல்ல முடியாத கடைசி வரிசையினர் ஒன்றாக நீக்கப்பட்டார்கள். அவர்களுடைய 1,377 சீட்டுகள் பிரிந்து போன விதம்: ஜனநாயகத்துக்கு 491, முற்போக்குக்கு 396, குடியரசுக்கு 343. மீதி 147 சீட்டுகளில் களத்தில் இருந்த மூவருக்கும் வரிசை எண் இல்லை, அவை அங்கேயே நின்றன. இப்போது நிலை: குடியரசு 3,294, முற்போக்கு 2,981, ஜனநாயகம் 2,554.

மூன்றாம் இடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சிக்காரர் வெளியேறினார். அவருடைய 2,554 சீட்டுகளில் 1,332 முற்போக்கு மேயருக்கு, 767 குடியரசுக் கட்சிக்காரருக்கு, 455 யாருக்கும் இல்லை. இறுதிக் கணக்கு: முற்போக்கு 4,313, குடியரசு 4,061. மேயர் 252 வாக்கில் மீண்டும் வென்றார்.

இரண்டு சுற்றிலும் முன்னால் நின்றவர் கடைசிச் சுற்றில் தோற்றார். அன்றிரவே முணுமுணுப்பு தொடங்கிவிட்டது.

சீட்டுகளைத் திரும்பப் பார்த்தபோது

நகர நிர்வாகம் ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் யாருக்கு எந்த எண் என்ற முழுத் தரவையும், வாக்காளர் அடையாளம் இல்லாமல், வெளியிட்டது. அதனால்தான் ஆய்வாளர்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்க்க முடிந்தது. நானும் ஒரு தாளை எடுத்து மூன்று கட்டங்கள் போட்டு அந்த எண்களை ஒருமுறை நகர்த்திப் பார்த்தேன். முறையை ஆதரிக்கும் எவரும் இதைக் கையால் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்பேன். கூட்டலும் கழித்தலும் தவிர வேறொன்றும் தேவையில்லை.

குடியரசுக் கட்சிக்காரரின் கட்டில் 3,294 சீட்டுகள் இருந்தன. அவர் கடைசிவரை களத்தில் இருந்ததால் அந்தச் சீட்டுகளின் இரண்டாம் விருப்பத்தை யாரும் புரட்டிப் பார்க்கவே இல்லை. புரட்டிப் பார்த்தால், ஏறக்குறைய 1,500 சீட்டுகளில் ஜனநாயகக் கட்சிக்காரர் முற்போக்கு மேயருக்கு மேலே வைக்கப்பட்டிருந்தார். மேயரை மேலே வைத்தவை ஏறக்குறைய 500. மற்றவை இருவரையும் விட்டுவிட்டவை.

இதை 2,554 உடனும் 2,981 உடனும் கூட்டிப் பாருங்கள். ஜனநாயகக் கட்சிக்காரரும் மேயரும் மட்டும் நேருக்கு நேர் நின்றிருந்தால் ஜனநாயகக் கட்சிக்காரர் சுமார் 54 விழுக்காடு பெற்று வென்றிருப்பார். குடியரசுக் கட்சிக்காரரோடு நேருக்கு நேர் நின்றிருந்தாலும் சுமார் 56 விழுக்காட்டில் அவர்தான் வென்றிருப்பார். வேறு எவரோடு தனியாக மோதினாலும் ஜெயிக்கக்கூடியவர் மூன்றாமிடம் வந்து வெளியேற்றப்பட்டிருக்கிறார்.

இதன் பொருளை ஒரு வாக்காளரின் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். வடக்குப் புறத்தில் வசிக்கும் ஒருவர் குடியரசுக் கட்சிக்காரருக்கு 1, ஜனநாயகக் கட்சிக்காரருக்கு 2 போட்டார் என்று வைத்துக்கொள்வோம். மேயர் வரக் கூடாது என்பதே அவர் எண்ணம். "உங்களுக்குப் பிடித்தவருக்கே தைரியமாக முதல் எண் போடுங்கள், ஓட்டு வீணாகாது" என்று அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. அவர் அப்படியே செய்தார். அவரைப் போன்ற சில நூறு பேர் மனமறிந்து பொய்யாக ஜனநாயகக் கட்சிக்காரரை முதலில் போட்டிருந்தால் மேயர் தோற்றிருப்பார். உண்மையாக வாக்களித்ததால் அவர்கள் விரும்பாதவரே வந்தார். முதல் சுற்றில் முன்னணியில் இருந்தவரே ஓட்டைப் பிரித்தவரும் ஆனார். ஓட்டுப் பிரிவதை ஒழிக்கத்தான் இந்த முறை வந்தது என்பதை நினைத்தால் இது எவ்வளவு கசப்பான முடிவு என்று புரியும்.

இன்னொரு வினோதமும் வெளிவந்தது. குடியரசுக் கட்சிக்காரருக்கு வாக்களித்தவர்களில் சுமார் 750 பேர் மனம் மாறி மேயருக்கு முதல் எண் போட்டிருந்தார்கள் என்று கணக்குப் போடலாம். அவர்கள் அவரை இரண்டாவதாக வைத்தவர்களும், வேறு யாரையும் குறிக்காதவர்களில் சிலரும். அப்போது குடியரசுக் கட்சிக்காரர் மூன்றாமிடத்துக்கு இறங்கி வெளியேறுவார், அவர் சீட்டுகள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்காரருக்குப் போகும், மேயர் தோற்பார். கூடுதலாக 750 பேர் ஆதரித்ததால் ஒருவர் தோற்பது! இப்படி நடக்கலாம் என்று கணிதப் புத்தகங்களில் இருந்த ஒன்று, ஓர் உண்மையான ஊரின் உண்மையான சீட்டுகளில் தெரிந்தது.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சீட்டில் எண் போடுவது மக்களுக்குக் குழப்பமாக இருக்கும் என்ற பயம் பொய்த்தது, செல்லாத வாக்குகள் மிக மிகச் சொற்பம். பழைய 40 விழுக்காடு விதியே இருந்திருந்தாலும் 2,951 வாக்கு 40 விழுக்காட்டைத் தொடாததால் அதே இருவருக்கிடையே மறுதேர்தல்தான் நடந்திருக்கும். ஜனநாயகக் கட்சிக்காரர் அதிலும் வெளியேதான். அதிக வாக்கு பெற்றவரே வெற்றி என்ற எளிய விதியிலும் அவருக்கு இடமில்லை. அவரை அடையாளம் காணாத குற்றம் இந்த முறைக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் மற்ற முறைகள் "ஓட்டுப் பிரியாது" என்று சத்தியம் செய்யவில்லை. இந்த முறையை விற்றவர்கள் செய்தார்கள்.

நீக்கும் முடிவு

2009இன் பிற்பகுதியில் முறையை நீக்கக் கோரிக் கையெழுத்து திரட்டப்பட்டது. முன்னால் நின்றது பெரும்பாலும் தோற்ற தரப்பின் ஆதரவாளர்கள். அவர்கள் வாதம் எளிமையானது: ஒருவருக்கு ஒரு வாக்கு, அதிகம் பெற்றவர் வெற்றி. ஆய்வாளர்கள் கண்டுபிடித்த நேருக்கு நேர் கணக்கு தெருவில் எடுபடவில்லை. தெருவில் எடுபட்டது "முதலில் வந்தவர் எப்படித் தோற்றார்?" என்ற ஒரே கேள்விதான்.

அந்த இலையுதிர் காலத்திலேயே வேறொரு பிரச்சினையும் வெடித்தது. நகராட்சிக்குச் சொந்தமான தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு நகரப் பொதுநிதியிலிருந்து சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர் போயிருந்தது தெரியவந்தது. மேயர் மீது ஊரே கோபமாக இருந்தது. பதவிக்காலம் முடியாததால் அவரை வாக்கால் தண்டிக்க வழியில்லை. அவரை மீண்டும் கொண்டுவந்த முறை மட்டும் வாக்குக்கு வந்தது.

2010 மார்ச் 2இல் நீக்க வேண்டும் என்றோர் 3,972, வேண்டாம் என்றோர் 3,669. ஏழு வார்டுகளில் ஐந்து முறையைக் காப்பாற்றவே வாக்களித்தன. குடியரசுக் கட்சிக்காரருக்குச் செல்வாக்குள்ள 4, 7 வார்டுகள் பெருவாரியாக எதிர்த்து முடிவைத் திருப்பின. மாநிலமும் ஒப்பியது. 40 விழுக்காடு விதி திரும்பி வந்தது.

இதில் என் மனதை உறுத்துவது, 303 வாக்கில் தோற்ற ஆதரவாளர்கள் அந்த ஓராண்டில் சொன்ன பதில். "பெரும்பான்மை பெற்றவரே வென்றார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மேயர் பெற்ற 4,313 என்பது கடைசிச் சுற்றில் எஞ்சிய சீட்டுகளில் 51.5 விழுக்காடு. பதிவான 8,980இல் அது 48 விழுக்காடுதான். வழியில் நின்றுபோன 606 சீட்டுகளைக் கணக்கில் காட்டாமல் பெரும்பான்மை என்று சொன்னது எதிர்த்தரப்புக்கு ஆயுதம் கொடுத்தது போலாயிற்று. 48 விழுக்காடும் மரியாதையான எண்தான், முதல் சுற்றின் 33ஐவிட மிக மேல். அதை அப்படியே சொல்லியிருக்கலாம்.

அதன் பிறகு

2011இல் வெற்றிக்கான வரம்பை 40இலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தும் யோசனை வாக்குக்கு வந்து தோற்றது. 2012இல் பழைய மேயர் போட்டியிடவில்லை. ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் தெளிவான பெரும்பான்மையுடன் வந்தார். முறையைப் பற்றிய பேச்சு ஓய்ந்தது.

2020இல் நகர மன்றம் பேச்சை மீண்டும் எடுத்தது. மேயர் தேர்தலையும் சேர்த்து முன்வைத்த தீர்மானத்தை மேயர் தம் தடுப்பு அதிகாரத்தால் நிறுத்தினார். மன்றம் வீம்புக்கு நிற்கவில்லை. மேயரை விட்டுவிட்டு மன்ற உறுப்பினர் தேர்தலுக்கு மட்டும் என்று சுருக்கி மறுபடி கொண்டுவந்தது. அந்த நேரத்தில் பின்வாங்கல் போலத் தோன்றியிருக்கும். என் பார்வையில் இந்த நிகழ்வு முழுவதிலும் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு அதுதான். வார்டு அளவில் போட்டி சிறியது, கோபமும் சிறியது, ஊரே ஒரு முடிவின் மேல் பாயாது.

2021 மார்ச்சில் அது வாக்குக்கு வந்தது. மறுபடியும் ஏறக்குறைய 64 விழுக்காடு ஆதரவு. அதே நாளில் நடந்த மேயர் தேர்தலில் வென்றவருக்கு 43 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவு, வித்தியாசம் 129 வாக்கு. 40ஐத் தாண்டிவிட்டதால் மறுசுற்று இல்லை. 2010இல் எந்த விதியை மக்கள் திரும்பக் கேட்டார்களோ அதே விதி, பத்தில் ஆறு பேர் கேட்காத ஒருவரைப் பதவியில் அமர்த்தியது. மன்றத் தேர்தலுக்கான மாற்றம் 2022இல் ஆளுநர் கையெழுத்திடாமலேயே சட்டமானது. 2023 மார்ச்சில் மேயர் தேர்தலுக்கும் விரிக்க மக்கள் ஒப்பினார்கள், பிறகு மாநிலமும்.

எதை மாற்றிச் செய்திருக்கலாம்

நான் அந்த ஊரில் 2005இல் பிரசாரம் செய்பவனாக இருந்திருந்தால் "ஓட்டுப் பிரியாது" என்ற வரியைத் துண்டறிக்கையிலிருந்து எடுத்திருப்பேன். மூன்றாவது வேட்பாளர் சிறியவராக இருக்கும்வரை அது உண்மை. பசுமைக் கட்சிக்காரருக்கு வந்த 35 வாக்கு யாரையும் கெடுக்காது. மூவரும் ஏறக்குறைய சமபலத்தில் இருக்கும்போது அது உண்மையல்ல. பர்லிங்டனோ மூவரும் சமபலமாக இருப்பதற்கே பெயர் போன ஊர். யாரிடம் எதை விற்கிறோம் என்று பார்த்திருக்க வேண்டும்.

முடிவை அறிவித்த விதத்திலும் குறை இருந்ததாக நினைக்கிறேன். முதல் சுற்று எண்கள் வெளிவந்த நொடியில் மக்கள் மனதில் ஒரு வெற்றியாளர் உட்கார்ந்துவிடுகிறார். பிறகு அவரை எழுப்புவது யாருக்கும் திருட்டாகத்தான் தெரியும். சுற்றுகள் எல்லாவற்றையும் சேர்த்தே வெளியிடுவதும், நின்றுபோன சீட்டுகளைத் தனி வரியாக, மறைக்காமல், காட்டுவதும் அந்தக் கசப்பைக் குறைத்திருக்கும்.

விதியையே கொஞ்சம் திருத்தவும் வழி இருந்தது. ஒருவரை நீக்கும் முன் கடைசி இருவரை நேருக்கு நேர் ஒப்பிட்டு, தோற்பவரை நீக்கலாம். 2009 சீட்டுகளில் இதைப் போட்டுப் பார்த்தால் மூவர் நின்ற கட்டத்தில் முற்போக்கு மேயர் வெளியேறி, ஜனநாயகக் கட்சிக்காரர் வென்றிருப்பார். விளக்குவது சற்றுக் கடினம்தான். ஆனால் வாக்காளர் போட்ட எண்கள் முழுவதும் அப்போது பேசுகின்றன. அந்த 3,294 சீட்டுகளின் இரண்டாம் எண்ணைப் புரட்டாமலே விட்டது எனக்கு இன்றும் அநீதியாகவே படுகிறது.

முறையை நீக்கும் வாக்கெடுப்பை, அந்த முறையால் வந்தவர் பதவியில் இருக்கும்போது நடத்தியது இன்னொரு பிழை. நீக்க வேண்டும் என்று வாக்களித்த 3,972 பேரில் எத்தனை பேர் முறையைப் பார்த்தார்கள், எத்தனை பேர் மேயரைப் பார்த்தார்கள் என்பதைப் பிரிக்க எந்தச் சீட்டிலும் இடமில்லை.

2024 மார்ச்சில் மேயர் தேர்தல் மீண்டும் விருப்ப வரிசையில் நடந்தது. முற்போக்குக் கட்சியின் பெண் வேட்பாளர் முதல் சுற்றிலேயே பாதியைத் தாண்டி, அந்நகரின் முதல் பெண் மேயரானார். எந்தக் கட்டையும் பிரித்து அடுத்தவருக்கு மாற்ற வேண்டியிருக்கவில்லை. 2006ஐப் போலவே இதுவும் அமைதியாக முடிந்த தேர்தல். மூன்று பேர் சமமாக நிற்கும் இன்னொரு மார்ச் மாதம் அந்த ஊருக்கு வரும்போது, 2009இல் இருந்த அதே நீக்கும் விதிதான் இப்போதும் சாசனத்தில் இருக்கும்.